ஏழாம் வார்டின் நிழல்

ஆலங்கரை பேரூராட்சியில் தீர்மானத்தைக் கூட்டம் முடிந்த பிறகு எழுதும் வழக்கம் கிடையாது. முந்தின நாள் மத்தியானமே எழுதி முடித்துவிடுவேன். கூட்டம் தொடங்கிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டிருப்பேன். யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது, மன்றம் என்ன முடிவு செய்தது எல்லாம் தயாராக இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். 'மன்றம் ஏகமனதாக அனுமதிக்கிறது.' முப்பத்தோரு வருஷமாக இதை எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. மனசு அதற்கு முன்பே சலித்துவிட்டது.

என் பெயர் ஆவுடைநாயகம். தலைமை எழுத்தர். ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருந்தது. செயல் அலுவலர் என்று ஒருவர் உண்டு. பக்கத்து இரண்டு பேரூராட்சிக்கும் அவரே பொறுப்பு. செவ்வாய்க்கிழமை வருவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். ஆகவே அலுவலகம் என்றால் நானும் ஒரு மின்விசிறியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிழல்கள் வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். எங்கள் மன்றத்தில் பதினைந்து உறுப்பினர்கள். மாதக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தால் அது நல்ல மாதம். மற்றவர்களுக்குக் கல்யாணம், சடங்கு, வயல், வட்டிக்கடை என்று ஆயிரம் ஜோலி. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு, இல்லாமல் கூட்டம் தள்ளிப்போவதும், வேலைகள் நின்றுபோவதும் எல்லா ஊரிலும் இருந்த சீக்கு. அதற்கு அரசாங்கம் கொடுத்த மருந்துதான் நிழல் உறுப்பினர். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு சின்னத் திரை, ஒரு ஒலிபெருக்கி. உறுப்பினர் வராவிட்டால் நிழல் அவர் குரலிலேயே பேசும், அவர் எப்படி வாக்களிப்பாரோ அப்படி வாக்களிக்கும். மன்றக் கூடத்தில் ஆறு வருஷமாக ஓடிய கேமராப் பதிவுகளைக் கொடுத்து நிழல்களைப் பழக்கினார்கள். எந்த நாற்காலியில் இருப்பவர் எந்த வார்டு உறுப்பினர் என்று தலைமை எழுத்தர் சான்று தர வேண்டும். தந்தேன்.

அங்கேதான் தப்பு. பதினைந்தில் எட்டு, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. எட்டில் ஆறு நாற்காலியில் உட்கார்ந்து பேசியது வீட்டுக்காரரோ அண்ணனோதான். ஊரும் அவர்களைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடும். ஓட்டு வாங்கி ஜெயித்த பெண்ணைக் 'கவுன்சிலர் வீட்டம்மா' என்று சொல்லும். வருகைப் பதிவேடு மட்டும் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவின் கையெழுத்தோடு திரும்பி வரும். தீர்மானப் புத்தகத்தில் நானும் 'உறுப்பினர் திருமதி இன்னார் பேசினார்' என்றே எழுதுவேன். அதே மாதிரி சான்றும் கொடுத்தேன். புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லை, பழைய பொய்க்கு ஒரு முத்திரை வைத்தேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் வார்டு உறுப்பினர் பேச்சிக்கனி. இரண்டு தடவை ஜெயித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்காரர் லிங்கத்துரை ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. பங்குனியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஊரே அவர் பின்னால் சுடுகாடு வரை போனது. காகிதப்படி உறுப்பினர் உயிரோடு இருந்ததால் நிழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மாதாமாதம் கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தது.

ஆடி மாதக் கூட்டத்துக்குப் பேச்சிக்கனி நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. தலைவர் வேலாயுதராஜும் இன்னும் மூன்று பேரும் அன்றைக்கு வந்திருந்தார்கள். மூன்று பேரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, வீட்ல எதும் விசேஷமா?" என்றார் தலைவர்.

"இல்லங்க. கூட்டத்துக்கு வந்தேன்."

ஏழாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து அரை நிமிடத்தில் திரையில் எழுத்து ஓடியது. 'பொருத்தம் 9 சதவீதம். தாங்கள் இந்த நாற்காலிக்குரிய உறுப்பினர் அல்ல. பார்வையாளர் பெஞ்சில் அமரவும்.' அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுப் பாளத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பதினான்காவது பொருளை நான் வாசித்தேன். 'ஏழாவது வார்டு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூண்களுக்குப் பூச்சு வேலை செய்து வர்ணம் பூசும் மதிப்பீட்டுக்கு அனுமதி.' வாசித்து முடித்ததும் ஏழாவது ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. லிங்கத்துரையின் செருமல். நானே அதை ஒன்பது வருஷம் கேட்டிருக்கிறேன்.

"தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கிடுங்க."

பேச்சிக்கனியின் முகம் வெளுத்துவிட்டது. இப்படி ஒன்று நடக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும்கூடச் சொல்லவில்லை. செத்துப்போன புருஷனின் குரல் முன்னறிவிப்பில்லாமல் எதிரே பேசினால் யாருக்கும் கை கால் ஓடாது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நான் சம்மதிக்கல," என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார், நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"பாத்துக்கிடுவோம்மா," என்றார் தலைவர். "அடுத்த பொருள்."

கூட்டம் கலைந்த பிறகு பேச்சிக்கனி நேராக என் மேசைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, வார்டு மெம்பர் வேண்டாம்னு சொன்னா அந்த வேலைய நிறுத்தி வச்சிட்டு, மாவட்ட இன்ஜினியர் வந்து பாக்கணும்னு சட்டம் இருக்கா இல்லியா?"

"இருக்கும்மா."

"அந்த ஒரு வார்த்தைய சொல்லத்தான் வந்தேன். தொட்டிக்குக் கீழதான் அங்கன்வாடி இருக்கு. தண்ணி பிடிக்க நாங்க நாப்பது பொம்பளய தெனமும் அதுக்கு அடியில நிக்கோம். இந்தப் பாளம் நேத்து என் குடத்துல விழுந்தது. தலையில விழுந்திருந்தா இன்னிக்கு எந்தக் கூட்டத்துக்கும் வரவேண்டியிருந்திருக்காது. உள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சி ஊதி நிக்கி. அதுக்கு மேல பூசி பெயிண்ட் அடிச்சா நல்லாயிருமா?"

நல்லாகாது என்று எனக்கும் தெரியும், எங்கள் பொறியாளருக்கும் தெரியும். ஆனால் தொட்டியை இடித்தால் புதுத் தொட்டி கட்டுவது குடிநீர் வாரியத்துக்குப் போய்விடும், உள்ளூர் ஆட்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பூச்சு வேலை என்றால் பேரூராட்சியே கொடுக்கலாம். எங்கள் ஊரில் ஒப்பந்தக்காரர்கள் நாலு பேர், முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் உண்மையான புள்ளி போட, மற்ற மூன்று பேர் பேருக்குக் கூட்டிப் போடுவார்கள். சண்டை சச்சரவு இல்லாத ஊர். அந்த மாதம் சங்கரபாண்டி முறை. ஒப்பந்தப்புள்ளி திறந்து அடுத்த கூட்டத்தில் அங்கீகாரம் கொடுத்துவிட்டால் மறுநாள் பூச்சுக் கரண்டியோடு ஆள் வந்துவிடும். அதைத் தடுக்கப் பேச்சிக்கனிக்கு இருந்தது ஒரு மாதம்.

அவரை உட்காரவைத்து நிழல் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டேன். சென்னையிலிருந்து ரெஹானா என்ற பெண் பேசினார். நல்ல பெண், நிதானமாகப் பேசினார்.

"சார், முன்னாடி விரல் ரேகை வச்சிருந்தோம். சில ஊர்ல ரப்பர்ல விரல் செஞ்சு வந்துட்டாங்க. முகம் வச்சோம், போட்டோவைக் காட்டினாங்க. அதனால இப்ப ஆள் எப்படிப் பேசுறார், எப்படி முடிவெடுக்கிறார்னு மட்டும்தான் பார்க்கும். எழுபது சதவீதம் பொருந்தினா நிழல் விலகி உறுப்பினருக்கு வழி விட்டுரும்."

"இந்தம்மாதான் உறுப்பினர். ஒன்பது சதவீதம் காட்டுதே?"

"அப்படி இருக்க வாய்ப்பில்லையே சார். ஆறு வருஷப் பதிவு இருக்கு. மேடம் எப்பவும் துண்டை நாற்காலியில போட்டுட்டு உக்காருவாங்க, மூக்குப்பொடி கூடப் போடுவாங்க..." பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "சார், அது வேற ஆளா?"

பேச்சிக்கனிதான் குனிந்து போனைப் பார்த்துச் சொன்னார்: "அது எங்க வீட்டுக்காரவிய."

ரெஹானா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சோதனை முறையில வேணா உக்காந்து பாருங்க மேடம், பதிவாகாது. எழுபது வந்துட்டா கூட்டத்துலயும் உள்ள விட்டுரும்," என்றார். கம்பெனி சொல்லிக்கொடுத்த பேச்சு இல்லை அது, அவராகச் சொன்னது.

இப்படித்தான் ஒரு புருஷன் எப்படி உட்காருவான் என்று அவன் பெண்டாட்டிக்கே நான் பாடம் எடுக்கும்படி ஆனது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மன்றக் கூடம் காலியாக இருக்கும். நாலு நாள் அங்கே உட்கார்ந்தோம். துண்டைப் போடுங்க, சாஞ்சு உக்காருங்க, தலைவர் பேசும்போது ரெண்டு தடவை தலையாட்டுங்க, செருமிட்டுப் பேசுங்க. அவர் செய்தார். எனக்கே பார்க்க வெட்கமாக இருந்தது.

"அண்ணாச்சி, நெசமாவே இப்படித்தான் பேசுவாவளா?" என்று மூன்றாம் நாள் கேட்டார். "தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு?"

"ஆமாம்மா."

"வீட்ல அவிய சொன்னதுதான் சட்டம். குழம்புல உப்பு கூடக்கொறைய இருந்தா தட்டு பறக்கும். இங்க வந்து இம்புட்டு பணிவா இருந்திருக்காவ." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "எங்கிட்ட காட்டவும் அதுல கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்."

நாலாவது நாள் எழுபத்திநாலு வந்தது. திரை மாறியது. 'வணக்கம், உறுப்பினர் பேச்சிக்கனி அவர்களே.' தன் பெயரை அதில் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சோதனைக்காகத் தொட்டிப் பொருளையே வாசித்தேன்.

"வேண்டாம்," என்றார் அவர்.

எண் சரசரவென்று இறங்கியது. எழுபத்திநாலு, ஐம்பது, முப்பத்தொன்று. 'தாங்கள் இந்த நாற்காலிக்குரிய உறுப்பினர் அல்ல.' செருமிவிட்டுச் சொல்லிப் பார்த்தார். துண்டை உதறிப் போட்டுச் சொல்லிப் பார்த்தார். பொடி டப்பாவைத் தட்டிச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அந்த வார்த்தையில் எண் விழுந்துவிட்டது.

திரும்பவும் ரெஹானாவுக்குப் போட்டேன்.

"பதிவு முழுக்கத் தேடிட்டேன் சார். அவர் 'வேண்டாம்'னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதனால வேண்டாம்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் அந்த உறுப்பினர் இல்லைன்னு அது முடிவு பண்ணிருது."

"அப்ப சரின்னு சொல்லுத வரைக்கும்தான் நான் நானா?" என்று கேட்டார் பேச்சிக்கனி.

"ஸாரி மேடம். வேற ஒரு வழி இருக்கு. சான்று கொடுத்த அதிகாரி அதை வாபஸ் வாங்கணும். இத்தனை நாள் பேசினது உறுப்பினர் இல்லைன்னு எழுத்துல கொடுத்தா நிழலை உடனே நிறுத்திருவோம்."

பேச்சிக்கனி என்னைப் பார்த்தார். சான்று கொடுத்த அதிகாரி யார் என்பது அவருக்குத் தெரியும். போனை வைத்தேன்.

"எழுதிக் குடுங்க அண்ணாச்சி."

நான் விளக்கினேன். மூன்று கூட்டம் தொடர்ந்து வராத உறுப்பினருக்குப் பதவி தானாகவே போய்விடும். நீங்கள் ஒன்பது வருஷமாக வரவில்லை என்று நான் எழுதினால், எட்டேமுக்கால் வருஷத்துக்கு முன்பே நீங்கள் உறுப்பினர் இல்லை என்று ஆகிவிடும். நீங்கள்தான் உறுப்பினர் என்று நிரூபித்த அதே நிமிடம் நீங்கள் உறுப்பினர் இல்லை. அதோடு பொய்ச்சான்று கொடுத்ததற்கு என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள், பென்ஷன் இல்லாமல். எனக்குச் சர்க்கரை, என் மனைவிக்கு டயாலிசிஸ். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் பதவி போனா போட்டும். இருந்தா மட்டும் என்ன வாழுது," என்றார் உடனே. பிறகு, "ஆனா உங்க பென்ஷன்..." என்று இழுத்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரெஹானா அவராகவே கூப்பிட்டார்.

"ஒண்ணும் வழி கிடைக்கலையா சார்?"

"இல்லம்மா."

"உங்க ஊர் நிழல்களைத் திறந்து பார்த்தேன். எங்க டீம்ல எல்லாருக்கும் ஆச்சரியம். மத்த ஊர்ல நிழலுக்கு நிழல் வித்தியாசம் இருக்கும். ஒருத்தர் ரோடுன்னா கத்துவார், ஒருத்தர் சாக்கடைன்னா கேள்வி கேப்பார். உங்க ஊர்ல பதினஞ்சும் ஒரே குணம். வரைவுத் தீர்மானத்துல என்ன எழுதியிருக்கோ அதுக்குச் சரி. ஆறு வருஷத்துல ஒரு எழுத்துகூட மாறினதில்லை. யார் சார் அந்த வரைவை எழுதுறது?"

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பதினைந்து பேரின் மனசை அரசாங்கம் செலவு செய்து படம்பிடித்து வைத்தால், உள்ளே இருந்தது என் கையெழுத்து மட்டும்தான் என்று தெரிந்தது. பெருமைப்படவேண்டிய விஷயம் இல்லை. ஆனால் உபயோகம் உள்ள விஷயம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் வழக்கம்போல உட்கார்ந்து எழுதினேன். ஒன்பதாவது பொருள். 'ஏழாவது வார்டு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பொதுமக்கள் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பதால் பூச்சு வேலைக்கான ஒப்பந்தப்புள்ளிகளை ரத்து செய்து, தொட்டியை உடனடியாக இடித்து அகற்றவும், அதுவரை லாரியில் குடிநீர் வழங்கவும், அங்கன்வாடியைச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றவும் மன்றம் ஏகமனதாக அனுமதிக்கிறது.' முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தீர்மானத்தை நான் இரண்டு தடவை வாசித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மன்றத்தில் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். பேச்சிக்கனி பார்வையாளர் பெஞ்சில் இருந்தார். நான் வாசிக்கும் வேகம் யாருக்கும் புரியாத வேகம், அதுவும் ஒரு தொழில்தான். தலைவர் போனில் யாருடைய வளைகாப்புக்கோ தேதி பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிகள் வரிசையாகச் சரி சொன்னன. ஏழாவது ஒலிபெருக்கி செருமிக்கொண்டு, "தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கிடுங்க," என்றது. பன்னிரண்டரைக்குக் கூட்டம் முடிந்தது.

மறுநாள் காலையிலேயே தலைவர் வந்துவிட்டார். சங்கரபாண்டி சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"என்னவே எழுதி வச்சிருக்கீரு?"

"மன்றம் நிறைவேத்தினத எழுதியிருக்கேன் தலைவரே."

"எந்த மன்றம்வே? நான் எப்ப சம்மதிச்சேன்?"

பதிவைப் போட்டுக் காட்டினேன். வளைகாப்புப் பேச்சுக்கு நடுவே, "சரி, மேல வாசியும்," என்று அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. விடுவிடுவென்று மன்றக் கூடத்துக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பதாவது தீர்மானத்தை எதிர்க்கிறேன், ரத்து செய்கிறேன் என்று திரையைப் பார்த்துச் சொன்னார். 'பொருத்தம் 22 சதவீதம்,' என்றது திரை. 'தாங்கள் இந்த நாற்காலிக்குரிய உறுப்பினர் அல்ல.'

"நான்தாம்வே நானு," என்றார் என்னிடம். கோபம் போய் ஒரு மாதிரி பயந்த குரலில் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"வரைவுக்கு எதிரா நீங்க ஒருநாளும் பேசினதில்ல தலைவரே. அதான் அது நம்ப மாட்டேங்கு."

மேலிடத்துக்கு எழுதலாம். எழுதினால் அவர்கள் பழைய பதிவுகளைத் திறப்பார்கள், திறந்தால் ஆறு நாற்காலியின் கதையும் வெளியே வரும், அதில் ஒன்று தலைவரின் மைத்துனர் உட்கார்ந்த நாற்காலி. நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். கடைசியில், "இடிக்கிற வேலையாவது நம்ம ஊருக்குள்ளதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முறைப்படி அது சங்கரபாண்டிக்கே போனது.

தொட்டியை வற்றவிட்டுத் தட்ட ஆரம்பித்த இரண்டாம் நாளே ஒரு தூண் மடங்கிவிட்டது. சுற்றிலும் வேலி போட்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த கம்பி கையால் பிய்க்கிற மாதிரி இருந்ததாக எங்கள் பொறியாளர் வந்து சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். தைரியமாக ஒன்றும் செய்யாமலே ஒரு நல்லது செய்துவிட்டோம் என்ற அற்ப சந்தோஷம்.

பேச்சிக்கனி அடுத்த திங்கட்கிழமை காலை வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நல்ல காரியம் செஞ்சிய அண்ணாச்சி. எங்க தெருவுல எல்லாரும் சொல்லுதாவ." தீர்மானப் புத்தகத்தைக் கைகாட்டி, "அந்தப் புத்தகத்துல என் பேரு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எடுத்துக் காட்டினேன். 'ஏழாவது வார்டு உறுப்பினர் திருமதி பேச்சிக்கனி லிங்கத்துரை ஒப்புதல் அளித்தார்.' விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

"நான் ஒப்புதல் குடுக்கலியே. பெஞ்சிலதான உக்காந்திருந்தேன். அவியதான குடுத்தாவ."

"காரியம் நடந்துட்டுல்லம்மா. இனிமே உங்க வார்டுக்கு என்ன வேணும்னாலும் கூட்டத்துக்கு முந்தின நாள் எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் எழுதிருதேன். ஒருத்தரும் எதிர்க்க முடியாது."

மனசாரத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ரொம்பத் தூரம் நடந்து வந்தவர்கள் உட்கார இடம் இல்லாமல் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்காவ பேச இன்னொரு ஆம்பளையா அண்ணாச்சி? அதுக்கு அவியளே போதுமே."

அவர் பையிலிருந்து மடித்த காகிதம் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மையில் பெரிய பெரிய எழுத்து. கலெக்டருக்கு எழுதியது. 'ஐயா, நான் ஒன்பது வருடமாக ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. என் கணவர் வந்தார். அவர் இறந்த பிறகும் அவர்தான் வருகிறார். நான் வந்தபோது என்னை உட்கார விடவில்லை. என் பதவி போகும் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். அந்தக் குரலை நிறுத்துங்கள்.' என் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ஆனால் அதை வாசிக்கிற எவரும் முதலில் கேட்கப்போவது சான்று கொடுத்தது யார் என்றுதான். அது அவருக்கும் தெரியும்.

"நேரா கலெக்டர் ஆபீசுக்கே போயிருப்பேன்," என்றார். "இங்க இருந்து முத்திரை வச்சு வரணும்னுட்டாவ. உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க, தபால்ல போட்டுப் பாக்கேன். உங்க வீட்டு நெலம தெரியும். மனசுல ஒண்ணும் வச்சிக்கிட மாட்டேன்."

"பதவி போயிருச்சின்னா ஆறு வருஷத்துக்கு நிக்க முடியாது," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஆறு வருஷம் கழிச்சு நிக்கேன்."

"தொட்டிதான் இடிச்சாச்சேம்மா. இப்ப எதுக்கு இது?"

"ஒவ்வொரு மாசமும் அவிய அங்க உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டு இருக்காவ அண்ணாச்சி. உசுரோட இருக்கும்போது பட்டது போதும். அவியளும் போட்டும், நானும் போறேன்."

முத்திரையை எடுத்தேன். இரண்டு தாளிலும் 'பெறப்பட்டது' என்று குத்தித் தேதி போட்டு, கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

"இதுக்கு எத்தன சதவீதம் வேணும்?" என்று கேட்டார்.

"இதுக்கு ஒண்ணும் வேண்டாம்மா. பொதுஜன மனு. யாரு குடுத்தாலும் வாங்கணும்."

தபால் பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதிக்குக் கீழே எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் 'ஏழாவது வார்டு உறுப்பினர் திருமதி' என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் மேசைக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"அதை அடிச்சிட்டு பேச்சிக்கனின்னு மட்டும் எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லாரித் தண்ணீர் பதினோரு மணிக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார்.